ஓர் இரவில் சரிசெய்ய முடியாதவற்றைப் பாருங்கள்: முதியோர் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வு அதிகாரிகளுக்கு,

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் செவிலியர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உரிமம் கொடுக்க, புதுப்பிக்க, புகார் வந்தால் விசாரிக்க நீங்கள் வருகிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் படிவம் பெரும்பாலும் ஒரு பொருளோ பதிவேடோ இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கச் சொல்கிறது. தீயணைப்பான், கழிப்பறைக் கைப்பிடி, மருந்துப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. மூன்று கட்டங்களிலும் குறி போட்டாயிற்று. அதே இல்லத்தில் ஒருவருடைய குதிகாலில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருக்கலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தேதி சொல்லிவிட்டு நீங்கள் வரும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். விரிப்புகள் மாற்றப்படும். விடுப்பில் இருப்பவர்கள் வரவழைக்கப்படுவார்கள். விடுபட்ட கையெழுத்துகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் போடப்படும். இதற்கெல்லாம் ஓர் இரவு போதும். குறைந்துபோன உடல் எடை, மடங்கி இறுகிவிட்ட முழங்கால், வெள்ளை படிந்த நாக்கு, ஆறாத புண், ஊழியருக்குக் கற்றுத்தரப்படாத ஒரு வேலை ஆகியவற்றை ஓர் இரவில் யாராலும் சரிசெய்ய முடியாது. உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இவற்றுக்குக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருந்த ஓக்டன் இல்லம் பல ஆண்டுகள் தரச்சான்று பெற்றுக்கொண்டே இருந்தது. உள்ளே நடந்த கொடுமைகள் ஒரு குடும்பம் விடாமல் புகார் செய்ததால்தான் வெளியே வந்தன. 2017-இல் அது மூடப்பட்டது. 2018 ஜூலை முதல் அந்நாட்டில் தரச்சான்றைப் புதுப்பிப்பதற்கான ஆய்வுகள் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கத் தொடங்கின. சொல்லாமல் வருவதுதான் முதல் திருத்தம். செலவே இல்லாத திருத்தமும் அதுதான்.

சொல்லாமல் வந்தாலும் காலை 11 மணிக்கு வந்தால் பாதிதான் தெரியும். அது இல்லம் நன்றாக இருக்கும் நேரம்: மருத்துவர் இருப்பார், மேலாளர் இருப்பார், குளியல் முடிந்திருக்கும். இரவு 9 மணிக்கு வாருங்கள், விடியற்காலை 5 மணிக்கு வாருங்கள், விடுமுறை நாளின் மாலையில் வாருங்கள். 5 மணிக்கே பெரும்பாலோரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தால், பகல் ஷிஃப்டில் ஆள் போதவில்லை என்று பொருள்; இரவு ஊழியர் பகல் வேலையையும் முடித்துவிட்டுப் போகிறார். மாலை 5 மணிக்கே இரவு உணவு முடிந்துவிட்டால், மறுநாள் காலை உணவு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அமெரிக்க விதிகள் இந்த இடைவெளியைப் பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அந்த நீண்ட இரவு ஆபத்தானது.

இரவில் வந்தால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். திருப்பிப் படுக்க வைக்கவோ தூக்கவோ இருவர் தேவைப்படும் முதியவர்கள் எத்தனை பேர்? அந்த மாடியில் இப்போது விழித்திருக்கும் ஊழியர்கள் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால், அந்த முதியவர்கள் விடியும்வரை திருப்பப்படவில்லை, அல்லது ஒற்றை ஆளாக இழுத்துத் திருப்பப்படுகிறார்கள். இழுக்கும்போது தோல் உரியும், ஊழியரின் இடுப்பும் போகும். பிறகு ஒரு படுக்கையின் அழைப்பு மணியை நீங்களே அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மணி முதியவரின் கைக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த கையின் பக்கம் மணி தொங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

அடுத்தது, யாரைப் பார்ப்பது. மேலாளர் அழைத்துச் செல்லும் அறைக்குப் போகாதீர்கள். படுக்கைப் பட்டியலை வாங்கி நீங்களே ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள்: கடைசியாகச் சேர்ந்தவர், மருத்துவமனையிலிருந்து அண்மையில் திரும்பியவர், எழவே முடியாதவர், மறதி நோயால் அலைந்துகொண்டே இருப்பவர், இன்சுலின் போடுபவர், மூன்று மாதத்தில் அதிக எடை குறைந்தவர். அவர்களுடைய கோப்பை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போங்கள். கோப்பு சொல்வதும் உடல் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அறுபது கோப்புகளை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட ஆறு பேரை முழுதாகப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

தோலிலிருந்து தொடங்குங்கள். முதியவரிடம் கேட்டுவிட்டு, அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் குடும்பத்தின் ஒப்புதலோடு, ஒரு செவிலியரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால் ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். ஆக்ஸிஜன் குழாய் உரசும் காதின் பின்புறம், மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் ரைல்ஸ் டியூப் ஒட்டியிருக்கும் மூக்கின் ஓரம், சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் அழுத்தும் தொடை இவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் சில விநாடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. தோல் முழுதாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக அல்லது குளிர்ந்து, கல் போலவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். "சிவப்பு எதுவும் இல்லை" என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது திருப்பிப் படுக்க வைக்கும் சார்ட்டைப் பாருங்கள். 8, 10, 12, 2 என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குறி, ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். உண்மையான வேலையில் 8.20, 10.45 என்றுதான் நேரம் விழும். "10 மணி, இடப்பக்கம்" என்று எழுதியிருக்கும்போது 10.30-க்கு அவர் மல்லாந்து படுத்திருந்தால் அந்தத் தாளில் வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் படுக்க வைப்பது என்றால் 30 டிகிரி சாய்வு. முழுதாக 90 டிகிரி திருப்பினால் எடையெல்லாம் இடுப்பு எலும்பின் முனையில் இறங்கி அங்கே புண் வரும். படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் உயர்ந்திருந்தால் உடல் கீழே சறுக்கும். எலும்பு நகரும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், இடையில் உள்ள இரத்தக் குழாய்கள் நசுங்கும். குதிகாலுக்குக் கீழே தலையணை வைப்பதும் தவறு. தலையணை கெண்டைக்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

காற்று மெத்தை இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். பம்ப் ஓடுகிறதா, அழுத்தக் குமிழ் அந்த முதியவரின் எடைக்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வால் எலும்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்தால், எலும்புக்கும் கைக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அவர் கட்டில் பலகையில் படுத்திருக்கிறார் என்றே கொள்ளலாம். மெத்தையின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் மடித்த துணி, அதன் மேல் டயப்பர், அதன் மேல் இன்னொரு துணி என்று அடுக்கியிருந்தால் மெத்தைக்குக் கொடுத்த பணம் வீண். வளையம் போன்ற ரப்பர் அணையைப் புண்ணுக்கு அடியில் வைத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் அப்படித்தான், நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல்.

"புண் மருத்துவமனையிலிருந்தே வந்தது" என்பது எல்லா இல்லங்களிலும் கிடைக்கும் பதில். சில நேரம் அது உண்மை. உண்மையா என்று அறிய, சேர்ந்த நாளிலேயே செவிலியர் தலை முதல் கால்வரை பார்த்து எழுதிய தோல் குறிப்பையும், புண்ணின் நீள அகல ஆழ அளவையும் கேளுங்கள். அது இல்லையென்றால் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள இடமில்லை.

எடைக்கு வருவோம். எடை இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது தூசியோடு வந்தாலும், நிற்க முடியாதவர்களை எடை பார்க்கும் நாற்காலி இயந்திரம் இல்லாவிட்டாலும், படுக்கையில் இருப்பவர்களின் எடைப் பதிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். 55, 55, 55, 55 என்று நான்கு மாதம் நகராத எடை மனிதருடையது ஆகாது. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது கவலைக்குரிய இழப்பு. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆனால் காரணம் தேடியிருக்க வேண்டும்: பல் செட் தளர்ந்ததா, விழுங்க முடியவில்லையா, மனச்சோர்வா, புதிய மாத்திரையா, ஊட்டிவிட ஆள் இல்லையா. உங்கள் முன்னால் இரண்டு பேரை எடை பார்க்கச் சொல்லி, பதிவோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒரு வேளை உணவை முழுவதும் இருந்து பாருங்கள். ஊட்டிவிடுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் முதியவர் தலையை நிமிர்த்த வேண்டிவரும். தலை நிமிர்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும் வாய்ப்புக் கூடும். ஊட்டுபவர் கண் மட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். விழுங்கியபின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கரகரத்தால் அங்கே நிறுத்த வேண்டும். சாப்பிட்டு 30 நிமிடமாவது படுக்க வைக்கக் கூடாது. ஆள் குறைவான இல்லத்தில் இந்த அரை மணி நேரம்தான் முதலில் பறிபோகும். சில நாள் கழித்து நிமோனியா என்று மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், யாரும் இரண்டையும் இணைத்துப் பார்க்க மாட்டார்கள். திரவத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தால் எந்த அளவுக்குக் கெட்டி என்று ஊழியரைக் கேளுங்கள். 0 முதல் 7 வரை எண்ணிட்ட பன்னாட்டு வரிசை ஒன்று இதற்கு உண்டு. "கொஞ்சம் போட்டுக் கலக்குவோம்" என்பது பதிலாகாது.

ரைல்ஸ் டியூப் வழியாக உணவு பெறுபவர் இருந்தால், குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். சிரிஞ்சால் காற்றை அடித்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பது இன்னும் பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. அது நம்பத்தகாதது, குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே போன்ற சத்தம் கேட்கும். குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த திரவத்தை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் வைத்து 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான முறை. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. உணவு இறங்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். புண்ணுக்கு 30-க்கு மேல் வேண்டாம் என்றோம், இங்கே 30-க்குக் குறைய வேண்டாம் என்கிறோம். இரண்டும் உள்ள ஒருவருக்கு என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் என்று கோப்பில் எழுதியிருந்தால் அந்த இல்லத்தில் யோசிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

வாயைத் திறந்து பாருங்கள். உலர்ந்த நாக்கும் அடர்ந்த நிறச் சிறுநீரும் தண்ணீர் போதவில்லை என்பதைச் சொல்லும். தண்ணீர்க் குவளை நிரம்பியே இருப்பது நல்ல அறிகுறி இல்லை. யாரும் குடிக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். பல் செட்டில் பெயர் இருக்கிறதா, இரவில் கழற்றப்படுகிறதா என்பதையும் பாருங்கள். வாய்ச் சுத்தம் குறைந்தால் நிமோனியா வாய்ப்புக் கூடும். இதை அழகு விஷயமாக நினைத்து விட்டுவிடுபவர்களே அதிகம்.

மருந்து வண்டியோடு ஒரு சுற்று முழுதும் நடந்துவாருங்கள். சின்னக் கோப்பைகளில் மாத்திரைகளை முன்பே கொட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டி வரிசையாக வைத்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். அட்டையிலிருந்து பிரித்த வெள்ளை மாத்திரை எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கோப்பை கவிழ்ந்தால் எல்லாம் போயிற்று. 8 மணி மருந்துக்கு 7 மணிக்கே கையெழுத்து இருந்தால் அந்தப் பதிவேட்டின் மற்றப் பக்கங்களும் அப்படித்தான். நீண்ட நேரம் மெல்லக் கரையும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பொடித்தால் ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். எலும்பு வலுவுக்கான அலெண்ட்ரோனேட் ஒரு நல்ல சோதனை. அதை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். படுத்திருப்பவருக்கு மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ஊட்டப்பட்டால், மருந்து கொடுப்பவருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லித்தரப்படவில்லை. இன்சுலின் போட்ட நேரத்தையும் உணவு தட்டில் வந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தினமும் "4" என்றே எழுதியிருக்கும் தாளைவிட உள்ளே இருக்கும் வெப்பமானியை நம்புங்கள்.

கட்டுப்பாட்டு மருந்துகளில் (கடும் வலி மாத்திரை போல, பூட்டிவைத்துக் கணக்கு எழுத வேண்டியவை) ஏதாவது ஒன்றை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இருப்பும் பதிவும் ஒரு மாத்திரை வேறுபட்டாலும் விடாதீர்கள். 2011-இல் சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் இல்லத்தில் வலி மாத்திரை திருடிய செவிலியர் ஒருவர், அதை மறைக்கத் தீ வைத்தார்; 11 பேர் இறந்தார்கள்.

மறதி நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகளை மட்டும் தனிப் பட்டியலாகக் கேளுங்கள். இவை மறதி நோயுள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கும் 2008-இல் பழைய வகைக்கும் கடும் எச்சரிக்கை விடுத்தது. எவருக்குமே கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த நடத்தைக்காகத் தொடங்கினார்கள், அதற்கு முன் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பசி இவற்றைப் பார்த்தார்களா, குடும்பத்துக்குச் சொன்னார்களா, கடைசியாக எப்போது அளவைக் குறைத்துப் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். "இரவில் கத்துகிறார்" என்பது ஆள் பற்றாக்குறைக்கு எழுதிய மருந்துச் சீட்டு.

விழுதல் பதிவேட்டை நீங்கள் படிக்கும் முறையை மாற்றச் சொல்லிக் கேட்கிறோம். ஒரு படுக்கைக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட விழுதல் என்பது பராமரிப்பு இல்லங்களில் பொதுவாகக் காணப்படும் அளவு. 50 பேர் இருக்கும் இடத்தில் ஆறு மாதமாக ஒருவரும் விழவில்லை என்றால் அவர்கள் கட்டப்பட்டிருக்கிறார்கள், மயக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்கள், அல்லது விழுந்தது எழுதப்படவில்லை. சுழியத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கும் ஆய்வு, எழுதாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. நேர்மையாக எழுதிய உதவியாளருக்கு மெமோ வருகிறது. அடுத்த முறை அவர் எழுத மாட்டார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, விழுந்தபின் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். யாரும் பார்க்காதபோது விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டிருக்கலாம் என்றே கொண்டு நினைவு நிலை, கண்மணி, கைகால் வலு ஆகியவற்றை மணிக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்களா? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரா என்று உடனே பார்த்தார்களா? படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் அளந்தார்களா? மேல் அளவு 20 குறைந்தால் விழுந்த காரணம் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டில் இருக்கும்.

கட்டிலின் பக்கக் கம்பிகளைப் பாதுகாப்புக் கருவியாகக் குறிப்பதை நிறுத்துங்கள். தெளிவில்லாத முதியவர் கம்பியைத் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் தலை சிக்கி இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2006-இல் வெளியான வழிகாட்டுதலின்படி தலை நுழையக்கூடிய இடைவெளிகள் 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஓர் அளவு நாடா போதும். மெத்தையை மறுபக்கம் தள்ளிவிட்டு அளந்து பாருங்கள், அப்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும். பழைய கட்டிலுக்குப் புதிய மெத்தை வாங்கிய இடங்களில் தவறு அதிகம். இடுப்பில் கட்டிய துணி, எழ முடியாதபடி முன்னால் பூட்டிய பலகை, சுவரோடு நெருக்கி பிரேக் போட்ட சக்கர நாற்காலி இவையும் கட்டிவைத்தல்தான், கயிறு இல்லாவிட்டாலும்.

வெந்நீரை வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள். குளியலறைக் குழாயில் 44 டிகிரிக்கு மேல் வரக் கூடாது. 60 டிகிரி தண்ணீர் சுமார் ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். முதியவரின் மெல்லிய தோலுக்கு அந்த ஐந்து விநாடியும் வேண்டாம். அதே நேரம் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இல்லாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். எனவே தொட்டியில் சூடாக வைத்து, குழாய்க்கு முன் கலவை வால்வில் குறைக்க வேண்டும். பொறுப்பான நிர்வாகி அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டுவார்.

தீயணைப்பான்களின் தேதியைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். இரவு ஊழியரிடம், "இந்த அறையில் புகை வருகிறது, என்ன செய்வீர்கள், காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களை மாடிப்படியில் இறக்குவது இரண்டு பேரால் நடக்காது. அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு நகர்த்துவதுதான் முதல் படி. அந்தக் கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்தே வைத்திருந்தால் அதுவும் இல்லை. கனடாவின் லீல்-வேர்ட் என்ற ஊரில் 2014 ஜனவரியில் முதியோர் விடுதி எரிந்து 32 பேர் இறந்தார்கள். பழைய பகுதி சாம்பலானது. தீத்தடுப்புச் சுவருக்கு அப்பால் தானியங்கி நீர்த்தெளிப்பு இருந்த புதிய பகுதி நின்றது. வெளிவாசல் பூட்டின் சாவி அலுவலக மேசையில் இருந்தால் அது வாசலே கிடையாது. மறதி நோயாளிகள் வெளியேறிவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது. அதற்குத் தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானாகத் திறக்கும் பூட்டு இருக்கிறது.

ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்திவிட்டு. என்னென்ன அதில் இணைந்திருக்கின்றன என்பதே கேள்வி: ஆக்ஸிஜன் இயந்திரம், சளி உறிஞ்சும் கருவி, காற்று மெத்தைகள், மின்தூக்கி, குளிரூட்டல். 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இர்மா புயலுக்குப் பின் ஹாலிவுட் ஹில்ஸ் இல்லத்தில் குளிரூட்டல் நின்றுபோய், வெப்பத்தால் 12 பேர் இறந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் இயங்கிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் பிறகு அம்மாநிலம் 96 மணி நேரத்துக்கு வெப்பநிலையை ஏறத்தாழ 27 டிகிரிக்குள் வைத்திருக்கும் மாற்று மின்வசதியைக் கட்டாயமாக்கியது. வெப்பநிலை எந்த அளவைத் தொட்டால் முதியவர்களை வெளியேற்றுவது, யார் முடிவெடுப்பது, மேலாளர் தொலைபேசியில் கிடைக்காவிட்டால் யார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தொற்றுத் தடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போகிறார்களா, யூரின் பேக் தரையில் கிடக்கிறதா அல்லது சிறுநீர்ப்பைக்கு மேலே தூக்கி மாட்டப்பட்டிருக்கிறதா, கதீட்டர் இன்னும் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்று மட்டும் பாருங்கள். வயிற்றுப்போக்குப் பரவும்போது சானிடைசரை மட்டும் நம்பக் கூடாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும் என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடையைப் பற்றி ஒரு சொல். ஒரே ஒரு அறையில் சிறுநீர் வாடை வந்தால் அங்கே இப்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது. கட்டடம் முழுக்க அறை நறுமணம் தூக்கலாக வந்தால்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

ஊழியர் எண்ணிக்கைக்கு டியூட்டி சார்ட்டை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சம்பளப் பட்டியலைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2008-இல் இல்லங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கத் தொடங்கியபோது ஊழியர் விவரத்தை இல்லங்களே சொல்லின. 2016 முதல் சம்பளக் கணக்கிலிருந்தே அந்த விவரத்தைத் தர வேண்டும் என்று மாற்றினார்கள். அதில் சார்ட்டில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இடமில்லை. ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் கேளுங்கள். எந்த முதியவர் எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார் என்று அறிந்தவர்கள் போய்விட்டால், புதிதாக வந்தவருக்குக் கோப்பு மட்டுமே துணை.

துப்புரவுப் பணியாளரிடமும் இரவு உதவியாளரிடமும் தனியாகப் பேசுங்கள். "ஒருவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள், சொன்னால் என்ன நடக்கும்?" என்ற ஒரு கேள்வி போதும். முதல் பாதிக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரண்டாம் பாதியில் அவர்கள் மேலாளரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதியவர்களிடம் பேசும்போது நிர்வாகத்தினர் அருகில் இருக்கக் கூடாது. "இங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால், நீங்கள் போனபின் அதே கைகளில்தான் சாப்பிட வேண்டும் என்று அறிந்தவர் "ஆமாம்" என்றுதான் சொல்வார். "நேற்று எத்தனை மணிக்குக் குளித்தீர்கள்? நீங்கள் கேட்ட நேரமா? இரவில் கழிப்பறை போக வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "டயப்பரிலேயே போகச் சொல்வார்கள்" என்ற பதிலைச் சாதாரணமாகச் சொல்வார்கள். நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச முடியாதவர்களுக்காகப் பொது அறையின் மூலையில் 20 நிமிடம் சும்மா உட்காருங்கள். ஒவ்வொருவரிடமும் யாராவது பேசினார்களா, தொட்டார்களா, பெயர் சொல்லி அழைத்தார்களா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் இத்தகைய கவனிப்புக்கென ஒரு முறையையே வைத்திருக்கிறது.

உங்கள் தரப்பில் மாற வேண்டியவை மூன்று. அறிக்கையைக் குடும்பங்கள் படிக்கும்படி வெளியிடுங்கள், ஆய்வு நடந்த தேதியையும் நேரத்தையும் முதல் வரியில் போட்டு. நீங்கள் குறை சொன்ன இல்லத்திலிருந்து "சரிசெய்துவிட்டோம்" என்ற கடிதம் வந்ததும் கோப்பை மூடாமல், அதே ஆறு பேரை மீண்டும் நேரில் பாருங்கள்; புண்ணை அளந்து, எடையைப் பார்த்து. புகார் கொடுத்த ஊழியரின் பெயர் நிர்வாகத்துக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இப்போது அது போகிறது என்று நம்பித்தான் பலர் வாய் திறப்பதில்லை. நாங்களும் இந்த மடலில் பெயர் போடாததற்கு அதுவே காரணம்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் செவிலியர்களும் மேற்பார்வையாளர்களும்